ரிசப்ஷன் சுவர்ல தொங்குற வலை

போன மார்கழி. வாடை அடிச்சு ஊத்துது, திருகோணமலை உப்புவெளிக் கடல் கறுத்துப்போய் கிடந்து இரையுது, ஹோட்டல்ல மொத்தமே ரெண்டு ரூம்ல தான் ஆக்கள், எனக்கு நைட் ஷிப்ட். எங்கட தொழில்ல சீசன் எண்டா சித்திரையில தொடங்கி புரட்டாதியோட சரி, மிச்ச மாசமெல்லாம் ரிசப்ஷன்ல குந்திக்கொண்டு நுளம்பு அடிக்கிறது தான். அப்பிடி ஒரு இரவு, ஒரு மணி இருக்கும், நித்திரை வராம 'பெயிட்' எண்டு ஒரு இங்கிலிஷ் படத்த லேப்டாப்ல போட்டன். 2019ல வந்தது, மார்க் ஜென்கின் எண்டவர் எடுத்தது. பத்து நிமிசம் போகல்ல, கறுப்பு வெள்ளையில கீறல் விழுந்து ஓடுது, வாய் அசையிறதும் சத்தமும் பொருந்தாம கிடக்கு, யாரோ பழைய படத்த தூசு தட்டிப் போட்டிருக்கிறாங்களாக்கும் எண்டு மூடப் பாத்தன். பிறகு தான் விளங்கினது, மனுசன் வேணுமெண்டே கையால சாவி குடுக்கிற பழைய பொலெக்ஸ் கமராவில 16 எம்எம் பிலிம்ல எடுத்து, பிலிமத் தன்ட கையாலயே கழுவி, சத்தத்த முழுக்க பிறகு சேத்திருக்கிறார்.

கதை நடக்கிறது இங்கிலாந்துட தென்மேற்கு மூலையில, கோர்ன்வால்ல. ரெண்டு சகோதரங்கள். தகப்பன்ட போட்ட ஒருத்தன் டூரிஸ்ட் ஏத்துறதுக்கு விட்டுட்டான். மற்றவன், மார்ட்டின், போட் இல்லாத மீன்காரன், கரையில வலை கட்டி நாலு மீனப் பிடிச்சு, பையில போட்டு ஊர் ஆக்கள்ட கதவுல கொழுவிட்டுப் போறான், வாற சில்லறையத் தகரப் பேணியில சேக்கிறான், எப்பயாவது ஒரு போட் வாங்கலாம் எண்டு. அவங்கட பழைய வீட்ட லண்டன்ல இருந்து வந்த ஒரு குடும்பம் வாங்கி, லீவுக்கு வந்து நிக்கிற வீடாக்கி, உள்ளுக்கு கயிறும் வலையுமா அலங்காரத்துக்குத் தொங்கவிட்டிருக்கு.

அந்த இடத்துல படத்த நிப்பாட்டிட்டன். ஏனெண்டா எனக்கு நேர முன்னால, எங்கட ரிசப்ஷன் சுவர்ல, ஒரு துண்டு கரைவலை, கரையில நிண்டு ஆக்கள் சேந்து இழுக்கிற வலை, தொங்குது. மிதப்பு, சங்கு, சிப்பியெல்லாம் வச்சுக் கட்டி பின்னால மஞ்சள் லைட் போட்டிருக்கு, வாற வெள்ளைக்காரர் எல்லாரும் அதுக்கு முன்னால நிண்டு போட்டோ எடுப்பாங்க. அது என்ட மாமாட வலை. மூண்டு வருசத்துக்கு முன்னம் 4000 ரூபாய்க்கு மாமிட்ட வாங்கி ஹோட்டலுக்குக் குடுத்தது நான் தான். மாமாட்ட சொல்லல்ல.

மாமா எண்டா அம்மாட மூத்த தமையன். கரைவலையில மண்டாடி. தெரியாத ஆக்களுக்குச் சொல்றன், மண்டாடிட வேலை கடலப் பாக்கிறது. தண்ணிட நிறம் ஒரு இடத்துல மட்டும் கொஞ்சம் மாறும், எங்களுக்கு ஒண்டும் தெரியாது, அவர் அதப் பாத்து சூடை மீனா கீரி மீனா, எந்தப் பக்கம் போகுது, தோணி எங்க வளைய வேணும் எண்டு துணிய வீசிக் காட்டுவார். அவர்ட மகன், என்ட மச்சான், பைபர் போட் ஒண்டு வச்சு நிலாவெளியில இருந்து புறாத்தீவுக்கு ஆள் ஏத்துறான், சீசனுக்கு திமிங்கிலம் காட்டவும் கூட்டிட்டுப் போவான். அவனுக்கு ஆள் பிடிச்சுக் குடுக்கிறதும் நான் தான், அதுல எனக்கும் ஒரு சின்னக் கொமிஷன் இருக்கு, மறைக்க ஒண்டும் இல்ல. தகப்பனும் மகனும் கோபம் எண்டு சொல்ல ஏலாது. ஆனா ஒரு வீட்டுக்குள்ள இருந்துகொண்டு மாமி மூலமா தான் கதை. "அவர சாப்பிட வரச்சொல்லுங்க." "அவன்ட எஞ்சின் சத்தம் சரியில்ல எண்டு சொல்லு." ரெண்டு பேரும் ஒரே விறாந்தையில தான் இருப்பாங்க.

எங்கட வீட்டுக் கதைய எவனோ ஒருத்தன் கோர்ன்வால்ல இருந்து எடுத்துட்டானே எண்டு அண்டைக்குப் பிடிச்சது இந்தப் பைத்தியம். ஒரு தொழில், ஒரு கூட்டம், ஒரு கரை, ஒரு சந்து, அதுகள்ட உள்வாழ்க்கைய கற்பனைக் கதையா எடுத்த படங்களத் தேடித் தேடிப் பாக்கிறது, அதிலயும் ஏலுமெண்டா மாமாட வாடியில, கரையில இருக்கிற மீன்பிடிக் கொட்டில்ல, இருந்து அவரோட சேந்து பாக்கிறது. கடலுக்குப் போக ஏலாத மாசங்கள்ல அவர் வாடியில இருந்து வலை பொத்துவார், நான் லேப்டாப்ப மீன் பெட்டிக்கு மேல வச்சுட்டு இருப்பன். இங்கிலிஷ் சப்டைட்டில நான் வாசிச்சு வாசிச்சுச் சொல்ல வேணும், பாதியில அவரே "சும்மா இரு, விளங்குது" எண்டுவார்.

அவர் படம் பாக்கிற விதமே வேற. நடிகர்ட முகத்தப் பாக்கமாட்டார், கையத் தான் பாப்பார். எங்கட தமிழ்ப் படங்கள்ல கடற்கரைப் பாட்டு வந்தா இருபது பேர் கயிற்றப் பிடிச்சுக்கொண்டு பின்னால சாஞ்சு சாஞ்சு இழுப்பாங்கள் தெரியுமா, விளையாட்டுப் போட்டியில கயிறு இழுக்கிற மாதிரி, அதக் கண்டாலே மனுசனுக்கு விசர் வரும். கரைவலைய அப்பிடி ஒருத்தரும் இழுக்கிறதில்ல, இழுத்தா அரை மணித்தியாலத்துல நாரி முறிஞ்சிடும். இடுப்புல ஒரு துண்டுக் கயிறு இருக்கும், அத வலைக்கயிறுல கொழுவிட்டு உடம்புப் பாரத்தால பின்னுக்கு நடக்கிறது, கையால இல்ல, மேட்டுக்குப் போன உடன கழட்டிட்டு இறங்கி வந்து திருப்பித் தண்ணிக் கரையில முதல் ஆளாக் கொழுவுறது, இப்பிடியே சுத்திச் சுத்தி மணிக்கணக்கா. பாக்கிறவனுக்கு அதுல ஒரு வீரமும் தெரியாது, நித்திரையில நடக்கிற மாதிரி இருக்கும். அதால தான் பாட்டுல போடுறதில்ல போல. இப்ப கன இடத்துல ட்ரக்டர்ல வின்ச் பூட்டி இழுக்கிறாங்கள், அது வேற பிரச்சினை, அதப் பற்றிக் கேட்டா மாமா ஒரு நாள் முழுக்கக் கதைப்பார்.

கைக்குப் பிறகு அவர் பாக்கிற ரெண்டாவது விசயம் கணக்கு. கடல் படமெண்டா போட் யார்ட, வலை யார்ட, மீன் வந்த உடன யாருக்கு எவ்வளவு போகுது, இது தெரியாட்டி அவருக்கு அது படமே இல்ல. நான் முதல்ல சிரிச்சன். பிறகு யோசிச்சுப் பாத்தா அவர் சொல்றது தான் சரி, உடுப்பையும் பேச்சையும் எவனும் ரெண்டு நாள் ஊருக்குள்ள நிண்டு கொப்பி அடிச்சிடுவான், ஆனா ஒரு தொழிலுக்குள்ள கடன் எப்பிடி ஓடுது எண்டு விளங்க வேணுமெண்டா அங்க கிடந்து எழும்பியிருக்க வேணும்.

இதுக்கு நல்ல உதாரணம் இத்தாலிக்காரர் விஸ்கோன்டி 1948ல எடுத்த 'லா தெர்ரா திரேமா'. சிசிலியில ஆச்சி திரெட்சா எண்டு ஒரு மீன்பிடிக் கிராமம், நடிச்சது முழுக்க அந்த ஊர் ஆக்கள், ஒரு நடிகர் கிடையாது. சீன் என்னெண்டு சொல்லிட்டு, இதுக்கு நீங்க என்ன சொல்லுவீங்க எண்டு அவங்களிட்டயே கேட்டு வசனம் செஞ்சதாம். அவங்க கதைச்சது சிசிலியப் பேச்சு, இத்தாலியில மற்றப் பக்கத்து ஆக்களுக்கே விளங்காது, பிறகு இத்தாலியன்ல ஒரு குரல் பின்னால இருந்து கதை சொல்ல வேண்டி வந்தது. ரெண்டரை மணித்தியாலத்துக்கு மேல ஓடும், நான் ரெண்டு தரம் நித்திரையாகிட்டன், உண்மையத் தான் சொல்றன். மாமா ஆகல்ல. முதலாளிமார் மீனுக்கு அடிமாட்டு விலை சொல்றாங்கள், பெடியங்களுக்குக் கோபம் வந்து தராசுகளத் தூக்கிக் கடலுக்குள்ள எறியிறாங்கள், அந்த சீனுக்கு மாமா வலை ஊசியக் கீழ வச்சுட்டு எழும்பி நிண்டுட்டார். பிறகு அந்தக் குடும்பம் முதலாளிக்குக் கீழ நிக்க மாட்டம் எண்டு வீட்ட ஈடு வச்சு சொந்தமா தொழில் தொடங்குது, புயல்ல போட் போகுது, வீடு போகுது, கடைசியில அதே முதலாளிட்டயே போய் வேலைக்கு நிக்க வேண்டி வருது. படம் முடிஞ்சு கொஞ்ச நேரம் ஒண்டும் கதைக்காம இருந்துட்டு, தன்ட இளந்தாரி வயசுல கூடைக்கு எண்டு ரெண்டு கிலோ கழிப்பாங்கள், கூடை ஒரு கிலோவும் வராது, கேட்டா நாளைக்கு கூலர் லொறி உன்ட வாடிப் பக்கம் வராது, எண்டு அந்தக் கதையத் தொடங்கினார். முதலாளிட்ட அட்வான்ஸ் வாங்கினவன் அவனுக்குத் தானே மீன் குடுக்க வேணும், விலையும் அவன் சொல்றது தானே. சிசிலிக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம் எண்டு எனக்கு ஒண்டும் தெரியல்ல, அங்க தராசக் கடல்ல எறிஞ்சாங்கள், இஞ்ச ஒருத்தரும் எறியல்ல.

'செம்மீன்' பாத்த கதையும் சொல்ல வேணும். 1965, ராமு காரியாட், தகழிட நாவல், ஜனாதிபதிட தங்கப் பதக்கம் வாங்கின முதலாவது தென்னிந்தியப் படம். எல்லாரும் அதக் காதல் படம் எண்டு தான் சொல்லுவாங்க, கருத்தம்மா, பரீக்குட்டி, கடற்கரை, மன்னா டே பாட்டு. மாமா சொன்னவர் இது கடன் படம் எண்டு. உண்மை தான், செம்பன்குஞ்சு வள்ளமும் வலையும் வாங்க பரீக்குட்டிட்ட வாங்கின காசத் திருப்பிக் குடுக்கிறானே இல்ல, படத்துல அவ்வளவு அழிவுக்கும் பின்னால அந்தக் காசு தான் கிடக்கு, நான் நாலு தரம் பாத்தும் எனக்குப் பிடிபடாத விசயம். மாமி வாசல்ல நிண்டு நெத்தலி கிள்ளிக்கொண்டே பாத்தவ. அதுல ஒரு நம்பிக்கை வரும், பெண்சாதி கற்போட இருந்தா தான் கடலம்மா புருசனத் திருப்பித் தருவா எண்டு. அதுக்கு மாமி, "அப்ப புயல் வந்தா பொம்பிளையில பிழை, வானிலைக்காரனில பிழையில்ல, என்ன?" எண்டா. மாமா ஒண்டும் சொல்லல்ல, நல்ல மனுசன்.

இந்த இடத்துல கன பேர் கேப்பாங்க, உண்மை தான் வேணுமெண்டா டொக்குமென்டரி பாக்கலாம் தானே, எதுக்குக் கட்டுக்கதை எண்டு. நானும் அப்பிடித் தான் நினைச்சனான். 'மேன் ஒஃப் அரான்' எண்டு 1934ல ரொபர்ட் பிளாஹர்ட்டி எடுத்த பேர்போன டொக்குமென்டரி ஒண்டு இருக்கு, அயர்லாந்துக்கு மேற்கால இருக்கிற தீவு, ஆக்கள் பெரிய சுறாவ ஈட்டியால குத்திப் பிடிக்கிறாங்கள், பாக்கப் பயங்கரமா இருக்கும். ஆனா அந்தத் தீவு ஆக்கள் அப்பிடிச் சுறா பிடிக்கிறத எத்தினையோ காலத்துக்கு முன்னமே விட்டுட்டாங்கள், படத்துக்காகத் திருப்பிப் பழக்கி எடுத்தது. படத்துல வாற தகப்பன் தாய் பிள்ளை மூண்டு பேரும் ஒரு குடும்பமே இல்ல, முகவெட்டுப் பாத்து வெவ்வேற வீடுகள்ல இருந்து பொறுக்கின ஆக்கள். டொக்குமென்டரி எண்டு எழுதி ஒட்டினா எல்லாம் உண்மையாகிடுமா.

எங்கட கரையிலயும் இது நடந்தது. கொஞ்ச வருசத்துக்கு முன்னம் பாரம்பரியத்தப் பதிவு செய்யிறம் எண்டு ஒரு கூட்டம் கமராவோட வந்தது, யார் எவர் எண்டு சொல்லமாட்டன், நல்ல பெடியங்கள் தான். முதல் வேலையா மாமாவப் போட்டிருந்த லிவர்பூல் ஜேர்சியக் கழட்டச் சொன்னாங்கள். கிழிஞ்ச சாரம் இருக்கா எண்டு கேட்டாங்கள். மாமா நல்ல சாரம் தான் இருக்கு எண்டவர். பிறகு அம்பாப் பாட்டு பாடிக்கொண்டு வலை இழுங்கோ எண்டாங்கள். அம்பா எண்டா தெரியும் தானே, வலை இழுக்கக்குள்ள ஒராள் அடி எடுத்துக் குடுக்க மற்ற ஆக்கள் திருப்பிச் சொல்ற பாட்டு, முந்தி முல்லைத்தீவு திருகோணமலை மட்டக்களப்புக் கரையெல்லாம் இருந்தது. இப்ப எங்கட ஆக்கள் ஸ்பீக்கர்ல அனிருத் பாட்டு போட்டுக்கொண்டு தான் இழுக்கிறது, அம்பாட முழு அடியும் தெரிஞ்ச கிழவர் செத்துக் கன காலம். ஆனா வெயிலுக்குள்ள மூண்டு மணித்தியாலம் நிண்டாச்சு, பகல் சாப்பாடு தாறம் எண்டதும் வரல்ல, மாமா தானாவே எடுத்துவிட்டார்:

சோத்துப் பார்சல் எங்கடா, ஏலேலோ
கமராக்காரன் தின்னுட்டான், ஏலேலோ
கோழிக் கால காணல்ல, ஏலேலோ
கொழும்புப் பக்கம் போயிட்டு, ஏலேலோ

பெடியங்கள் சிரிப்ப அடக்கிக்கொண்டு கோரஸ் குடுக்க, கமராக்காரருக்குச் சந்தோசம் தாங்க ஏலல்ல, அவங்களுக்குத் தமிழும் அவ்வளவு ஓடாது. அது பிறகு எங்கயோ திரையிட்டதாம், அழிந்து வரும் மீனவர் பாடல் எண்டு. இதுல எனக்கு இன்னும் முடிவு வராத விசயம் ஒண்டிருக்கு. முதலாளிய நக்கல் அடிச்சுத் தான் பழைய அம்பாக்களும் கட்டியிருப்பாங்கள், அண்டைக்கு மாமா பாடினது தான் அசல் அம்பாவோ எண்டும் தோணுது. அந்தப் பெடியங்கள் பொய்யா எடுக்க வந்து தெரியாம உண்மைய எடுத்துட்டுப் போயிட்டாங்களோ.

இதுக்கு நேர் எதிரான கதை 'சட்டர்டே நைட் ஃபீவர்'. 1977 படம், ஜோன் ட்ரவோல்ட்டா, வெள்ளை கோட் சூட், டிஸ்கோ. கிழமை முழுக்க பெயின்ட் கடையில நிண்டுட்டு சனிக்கிழமை இரவு மட்டும் ராசாவாகிற புரூக்ளின் பெடியன்ட கதை. அது 1976ல நிக் கோன் எண்டவர் ஒரு நியூயோர்க் பத்திரிகையில எழுதின ரிப்போர்ட்ட வச்சு எடுத்தது. கிட்டத்தட்ட 20 வருசம் கழிச்சு அந்த மனுசன் ஒத்துக்கொண்டார், ரிப்போர்ட் கற்பனை எண்டு, அந்தப் பெடியன தனக்கு லண்டன்ல தெரிஞ்ச ஒருத்தன வச்சுக் கட்டினது எண்டு. அப்ப படம் முழுக்கப் பொய் தானே. ஆனா படம் வந்த பிறகு உலகம் முழுக்கப் பெடியங்கள் அந்த சூட்டத் தச்சுப் போட்டு, அந்த நடை நடந்து, அந்த வாழ்க்கைய வாழத் தொடங்கிட்டாங்கள். சின்னதா எங்கடயும் ஒண்டு. 'சார்பட்டா பரம்பரை' 2021ல வந்த நேரம் எங்கட ஒழுங்கையில குத்துச்சண்டை எண்டா என்னெண்டு தெரியாத பொடிசுகள் எல்லாம் அதுல வாற டான்சிங் ரோஸ் மாதிரிக் காலப் போட்டு ஆடிக்கொண்டு திரிஞ்சுதுகள். வட சென்னையில சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை எண்டு உண்மையாவே இருந்த கூட்டங்கள், அதுகள்ட பேர வச்சுக் கட்டின கதை, கடைசியில திருகோணமலையில ஒரு ஒழுங்கைக்குள்ள வந்து நிக்குது.

பேச்சுப் பற்றியும் ஒரு வயித்தெரிச்சல் இருக்கு. ஜமைக்காவில 1972ல எடுத்த 'த ஹார்டர் தே கம்', ஜிம்மி கிளிஃப் நடிச்சது, அதுல கதைக்கிறதும் ஒரு வகை இங்கிலிஷ் தான், ஆனா அமெரிக்காவில சப்டைட்டில் போட்டுத் தான் ஓட்டினவங்க. கிங்ஸ்டன் பெடியன் எப்பிடிக் கதைப்பானோ அப்பிடியே விட்டுட்டாங்கள், விளங்காதவன் வாசிக்கட்டும் எண்டு. எங்களுக்கு என்ன கிடைச்சது? 2000ல 'தெனாலி', கமல் இலங்கைத் தமிழ் பேசி நடிச்ச சிரிப்புப் படம். கமல் கெட்டிக்காரர், அதுல மறுபேச்சில்ல, சிரிச்சுச் சிரிச்சுப் பாத்த படம் தான், ஆனா அதுக்குப் பிறகு சென்னையில இருந்து வாற கெஸ்ட் ஒவ்வொருத்தரும் ரிசப்ஷன்ல நிண்டு என்னட்ட "தெனாலி மாதிரி பேசுங்க" எண்டுறாங்க. நான் திருகோணமலை எண்டா விளங்காது. யாழ்ப்பாணம் வேற, மட்டக்களப்பு வேற, கிண்ணியா முஸ்லிம் ஆக்கள்ட பேச்சு வேற, எங்கட டவுன் பேச்சு இதெல்லாம் கலந்த இன்னொண்டு. 'ஆடுகளம்' பாத்த நேரம் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாவும் கொஞ்சம் சிரிப்பாவும் இருந்தது. 2011ல வந்த மதுரைச் சேவல் சண்டைப் படம், ஆறு தேசிய விருது, அதுல பேட்டைக்காரனா வாறது எங்கட நாட்டுக் கவிஞர் ஜெயபாலன். முகம் எங்கட, குரல் ராதாரவிட. மதுரைக்காரனே நம்புற மாதிரி ஒரு சேவக்கட்டுக் கிழவனா எங்கட ஆள் நிக்கிறார், அந்தக் கண்ணுல இருக்கிற வயசான கௌரவமும் பொறாமையும் எந்த ஊர்ப் பேச்சிலயும் அடங்காது. சேவல விட சேவல் வளக்கிறவன்ட மானம் பெருசு எண்டு அந்தக் கூட்டத்துக்குள்ள ஒரு சட்டம் இருக்கே, அதப் பிடிச்சுட்டார் வெற்றிமாறன்.

அப்ப திருகோணமலைக்கு எண்டு என்ன படம் இருக்கு? எடுக்க ஆளில்லாமக் கிடக்கிறது எவ்வளவு எண்டு யோசிச்சா நித்திரை வராது. கிண்ணியாப் பாலம் 2009ல திறக்க முன்னம் அந்தத் துறையில பாதைக்கு, ஆக்களயும் வாகனத்தயும் ஏத்திக் கடத்துற மிதவைக்கு, காத்துக்கொண்டு நிண்ட சனம், அந்தக் காத்திருப்புக்குள்ளயே கடலை வித்து, கலியாணம் பேசி, சண்டை பிடிச்சு வாழ்ந்த ஒரு உலகம் இருந்தது, பாலம் வந்தது நல்லது தான், ஆனா அந்த உலகம் ஒரே நாள்ல போச்சு. பாலையூத்துப் பறங்கியர், போர்த்துக்கேயர் வழி வந்தவங்க, வீட்டுக்குள்ள போர்த்துக்கேயத்துல இருந்து வந்த ஒரு கலப்பு மொழியும் வெளியில எங்கட தமிழும் கதைக்கிற ஆக்கள், அவங்கட கலியாண வீட்டு ஆட்டத்த ஒருக்காப் பாத்தவன் மறக்கமாட்டான். சீசனுக்கு நீர்கொழும்புப் பக்கம் இருந்து குடும்பத்தோட வந்து கரையில வாடி போட்டு, ஆறு மாசம் எங்கட கடல்ல தொழில் செஞ்சுட்டுப் போறவங்க, அவங்களுக்கும் எங்களுக்கும் இடையில கிடக்கிற சிநேகமும் சண்டையும், அது ஒண்டே மூண்டு படத்துக்குக் காணும். டவுனுக்குள்ள மான் வந்து பஸ் ஸ்டாண்ட்ல கடதாசி தின்னுறதயும் கோணேசர் கோயிலையும் ட்ரோன்ல எடுத்து யூடியூப்ல போடுறதுக்கு மட்டும் ஆயிரம் பேர் வாறாங்கள்.

முந்தி ஒண்டு வந்தது, செங்கை ஆழியான்ட நாவல வச்சு 1978ல 'வாடைக்காற்று', மீன்பிடிக்கிற சனத்துட கதை, எங்கட நாட்டுப் படம். அப்பா தியேட்டர்ல பாத்தவர். என்ன ஞாபகம் எண்டு கேட்டா, "அதுல எங்கட மாதிரிக் கதைச்சாங்கள்" எண்டு மட்டும் தான் சொல்லுவார்.

மாமாவுக்கு 'பெயிட்' காட்ட எனக்குக் கொஞ்சம் பயம் இருந்தது, ஏனெண்டு உங்களுக்குத் தெரியும். தைப்பொங்கல் முடிஞ்ச கிழமை தான் போட்டன். மார்ட்டின் வத்தின கரையில வலை கட்டுற இடத்துல, "அங்க வத்தும் பெருக்கும் பெருசு போல" எண்டார், எங்கட கடல் ஒரு முழம் ரெண்டு முழம் ஏறினாலே பெருசு, அவருக்கு அதுவே ஒரு அதிசயம். பிறகு அந்த வீடு வந்தது. சுவர்ல கயிறு. நான் லேப்டாப்பப் பாக்காம வெளியில பாத்துக்கொண்டு இருந்தன்.

"அங்கயும் தொங்கவிடுறாங்களோ" எண்டார். நான் ஒண்டும் சொல்லல்ல.

"நாலாயிரத்துக்கு வித்திட்டாய் என்ன. அவங்கள் ஒரு ரூமுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு எடுக்கிறாங்கள்? பத்தாயிரமாவது கேட்டிருக்கலாம் மருமோன்."

மூண்டு வருசமாத் தெரிஞ்சிருக்கு மனுசனுக்கு. மாமி அண்டைக்கே சொல்லியிருப்பா. படம் கடைசி மட்டும் பாத்தார், பிறகு வலை ஊசிக்கு நூல் கோத்துக்கொண்டு, "அந்த போட்டுல ஆள் ஏத்துறவனிலயும் பிழையில்ல, அவனுக்கும் பிள்ளை குட்டி" எண்டார். யாரிட்டச் சொன்னார் எண்டு நான் கேக்கல்ல.

அடுத்த கிழமை 'லுட்சு' போட்டன். மால்ட்டா நாட்டுப் படம், 2021, அலெக்ஸ் கமிலேரி எண்டவர் எடுத்தது. லுட்சு எண்டா அவங்கட பாரம்பரிய மரப் படகு, மஞ்சள் நீலம் சிவப்பெண்டு வர்ணம் அடிச்சு அணியத்துல ரெண்டு கண் வச்சிருக்கும். நடிச்ச ஜெஸ்மார்க் சிக்லூனா உண்மையிலயே மீன்பிடிக்கிறவர், அவர்ட பேர் தான் படத்திலயும், சண்டன்ஸ்ல விருதும் குடுத்தவங்க. கைய ஒரு பத்து செக்கன் பாத்துட்டு மாமா, "இவன் தொழிற்காரன்" எண்டுட்டார். பரம்பரைப் படகு, ஓட்டை விழுந்துட்டுது, கைப்பிள்ளைக்குச் சுகமில்ல, கையில காசில்ல, படகையும் லைசன்ஸையும் ஒப்படைச்சா ஐரோப்பிய ஒன்றியம் ஒரு தொகை குடுக்கும், ஆனா பிறகு தொழிலுக்குப் போக ஏலாது. இது தான் அவனுக்கு முன்னால கிடக்கிற கணக்கு. மாமா இந்தப் படத்துக்கு வாயே திறக்கல்ல, வலையும் பொத்தல்ல. முடிஞ்ச உடன கேட்ட முதல் கேள்வி, "அந்தக் காசுக்கு ஒரு பைபர் போட்டும் எஞ்சினும் வருமா?" நான் எனக்குத் தெரியாது மாமா எண்டன். கொஞ்ச நேரம் விரல்ல ஏதோ எண்ணினார். பிறகு, "அந்தக் கண் ரெண்டையும் மட்டும் கழட்டி எடுத்து வச்சிருக்கலாம்" எண்டார்.

எழும்பி சாரத்த உதறிக் கட்டிக்கொண்டு வாசல் மட்டும் போயிட்டுத் திரும்பி வந்தார். "இந்தப் படத்தப் பென் ட்ரைவ்ல போட்டு அவனுக்குக் குடு. நான் தந்தது எண்டு சொல்லாத."

போட்டுட்டன். பென் ரிசப்ஷன் லாச்சியில கிடக்கு. ரெண்டு தரம் மச்சானிட்டச் சொல்லிட்டன், சீசனுக்கு முன்னம் போட்டுக்குப் பெயின்ட் அடிக்க வேணும், அது முடியட்டும் எண்டு நிக்கிறான். நேத்துப் போய்ப் பாத்தன், முன்பக்கம் நீலம் அடிச்சு முடிஞ்சுது, மாமா கொஞ்சம் தள்ளி நிண்டு மாமிட்டச் சொல்லிக்கொண்டு நிக்கிறார், "ரெண்டாவது கை அடிக்க முன்னம் வடிவாக் காயவிடச் சொல்லு" எண்டு.